ஒண்ணும் மாத்தல

அந்தப் பட்டனை அமுக்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் மறைத்து வைத்துச் சொன்னால் ஏதோ துப்பறியும் கதை எழுதிவிட்ட மாதிரி எனக்கே ஒரு பெருமை வந்துவிடும். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஆம்பூரில் எங்கள் பக்கத்துத் தெருவில் என் நண்பர் இருக்கிறார். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் சிறிய யூனிட் அவருடையது. நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை சார் என்பார், கோபம் வந்தால் மட்டும் தோஸ்த் என்பார். நான் தோல் பதனிடும் தொழில்நுட்பம் படித்து, வேலைக்காலம் முழுவதும் டேனரிகளில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மாலையில் இரண்டு பேரும் கேரம் ஆடுவோம். அவர் தோற்பார்.

பாயின் மருமகள் வாணியம்பாடிப் பெண், பி.சி.ஏ. படித்தவள். கணவன் சவுதியில். யூனிட்டில் மிஞ்சும் நல்ல தோல் துண்டுகளை வீணாக்காமல் செருப்பு, பெல்ட், பர்ஸ் என்று செய்ய வைத்து, இணையத்தில் ஒரு கடை திறந்தாள். மாடியில் தெருவைப் பார்த்த அறைதான் அவளுடைய ஆபீஸ், கோடவுன், பேக்கிங் செக்‌ஷன் எல்லாம். அந்த அறைமேல் பாய்க்கு வேறொரு கண் இருந்தது. அங்கே தையல் மிஷின்கள் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"ரம்ஜான் வரைக்கும் பாப்போம்மா. பெருநாள் வியாபாரம் ஓடலன்னா மிஷின மேல ஏத்திடுவேன். அப்புறம் அழக்கூடாது" என்று என் முன்னாலேயே சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் எத்தனை பயம் இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடையில் என் வேலை, பொருட்களைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவது. அதற்காக எனக்கு ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தாள். அந்த மென்பொருளில் உள்ளே வருகிறவர்களுக்குப் படிநிலைகள் உண்டு. கீழே இருப்பவர் எழுதலாம், அவ்வளவுதான். உச்சியில் இருப்பவர் நிர்வாகி. அவர் நினைத்தால் கடையையே அழித்துவிடலாம். எனக்குக் கீழ்ப்படியே தாராளமாகப் போதும். ஆனால் அவள் என்னை நிர்வாகி ஆக்கிவிட்டாள்.

"ஏம்மா, எனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பதவி?"

"இன்னா அங்கிள், பெரியவங்கள போய் கீழ போடறதா? மனசு வரல."

வீட்டுக்கு வந்த பெரியவரை ஸ்டூலில் உட்காரச் சொல்ல முடியாது அல்லவா, அந்த மரியாதை. அதே மரியாதையில் மாமனாரும் நிர்வாகி, மாமியாரும் நிர்வாகி. மாமியார் அந்தக் கடையைத் திறந்தே பார்த்ததில்லை. ஆக, செருப்புக் கடை ஒன்றுக்கு ஏகப்பட்ட எஜமானர்கள். வேறு ஊர்க் கம்பெனியில் இப்படி ஒருவரும் செய்ய மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்யாமல் இருக்க மாட்டார்கள்.

பதவியோடு ஒரே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். "அங்கிள், மேல ஒரு சிவப்பு ரவுண்டுல நம்பர் வரும். அப்டேட்டு. அத மட்டும் தொட்டுடாதீங்க. கடைல பேமென்ட், கூரியர், சைஸ் சார்ட்டுன்னு நெறய ப்ளகின் இருக்கு. ஒண்ணு புதுசாயி இன்னொண்ணு பழசா நின்னா சண்ட போட்டுக்கும். பெருநாள் முடிஞ்சப்புறம் நானே பொறுமையா பண்ணிக்கிறேன்."

ப்ளகின் என்பது கடையோடு ஒட்டவைக்கும் சின்ன மென்பொருள் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. டேனரியில் தோல் ட்ரம்முக்குள் சுழலும்போது நாங்கள் ஒவ்வொரு சரக்காகச் சேர்ப்போம். எண்ணெய் ஒருவர் தயாரிப்பு, சாயம் வேறொருவர் தயாரிப்பு. ஒன்றின் தரம் லேசாக மாறினாலும் மொத்த லாட்டும் திட்டுத்திட்டாகி வெளியே வரும். அதேதான் இதுவும். இவ்வளவு தெளிவாகப் புரிந்தவன்தான் போய்த் தொட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் என் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நோன்புக் காலம். பாய் வீட்டில் எல்லோரும் ஓய்வாகப் படுத்திருப்பார்கள், கேரமும் கிடையாது. எனக்குப் பொழுது போகவில்லை. பொருட்களுக்கு எழுதும் வரிகளில் குறும்பு செய்வது எனக்கு அப்போது பழகியிருந்தது. ஒரு பெல்ட்டுக்கு, 'ஓட்டைகள் வழக்கத்தைவிட அதிகம், பெருநாள் பிரியாணிக்குப் பிறகு நன்றி சொல்வீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அந்த பெல்ட் நன்றாகவே விற்றது. அன்றைக்கு 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் பாயின் படத்துக்குக் கீழே, 'நிறுவனர். கேரம் போர்டில் இதுவரை ஜெயித்ததாகத் தகவல் இல்லை' என்று சேர்க்கலாம் என்று உள்ளே போனேன்.

சேர்த்தேன். சிரித்துக்கொண்டேன். தலையைத் தூக்கினால் சிவப்பு வட்டம்.

அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. தொட வேண்டாம் என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். திறந்து மட்டும் பார்ப்போம் என்று திறந்தேன். பட்டியல் நீளமாக இருந்தது. பக்கத்தில் ஒரு சிறு கட்டம். அதைத் தொட்டால் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. கீழே 'புதுப்பி' என்று ஒரு பட்டன். எத்தனையோ ட்ரம்களை ஓட்டிய எனக்கு இது தெரியாதா என்று ஒரு திமிர். அமுக்கினேன். ஒவ்வொன்றாகப் பச்சை டிக் விழுந்தது, வட்டம் மறைந்தது. அப்பாடா என்று தூங்கப் போய்விட்டேன். நல்ல தூக்கம்.

சாயங்காலம் நோன்புக் கஞ்சிக்காகப் பாய் வீட்டுக்குப் போனேன். ரம்ஜான் மாதம் முழுக்க எனக்கும் அங்கே ஒரு கிண்ணம் உண்டு. கஞ்சியை வாயில் வைக்கும்போது மருமகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"மாமா, கடைல வாங்கற பட்டனக் காணோம்! செருப்பெல்லாம் தெரியுது, வாங்க முடியல. மதியத்துலேர்ந்து ஒரு ஆர்டர் இல்ல. கஸ்டமர் போன் பண்ணி, கடய மூடிட்டீங்களான்னு கேக்கறாங்க!"

எனக்குப் புரையேறியது. இஞ்சித் துண்டு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவளே மேலும் சொன்னாள். "எல்லா ப்ளகினும் அப்டேட் ஆயிருக்கு. தானா ஆயிடுச்சா, யாராச்சும் அமுக்கினாங்களான்னு தெரியல. அங்கிள், நீங்க உள்ள போய் எதாச்சும் மாத்தினீங்களா?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். டேனரியில் ஒரு லாட் கெட்டுப்போனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா மாத்தினீங்க?" என்பதுதான். ட்ரம் பக்கத்தில் நிற்கும் ஆள் எப்போதும் ஒரே பதிலைச் சொல்வான். "ஒண்ணும் மாத்தல சார்." நான் ஒருநாளும் நம்பியதில்லை. கத்தியிருக்கிறேன். ஒண்ணும் மாத்தாமலே தோல் எப்படி நிறம் மாறும், அதுக்கு வெட்கமா என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது யோசித்துச் சொல்வதே இல்லை. தும்மல் மாதிரி தானாக வந்துவிடுகிறது.

"ஒண்ணும் மாத்தலம்மா" என்றேன்.

அவள் நம்பினாள். பெரியவர் சொல்கிறார் அல்லவா.

பாய் மருமகள் பக்கம் திரும்பினார். "பெருநாள் வரைக்கும் அப்டேட்டு பண்ணக்கூடாதுன்னு நீதானே சொன்ன? அப்ப எப்டி ஆச்சு? கடயப் பாத்துக்கறது நீதானே?" பதில் வைத்திருந்தவன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையிலேயே நான் மாடிக்குப் போய்விட்டேன், உதவி செய்ய. குற்றவாளியே போலீஸுக்கு வழி காட்டுவதைப் போல. பழைய நிலைக்குத் திருப்பலாமா என்று கேட்டேன். கையில் இருந்த பேக்கப் ரம்ஜான் சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் எடுத்தது. அதைப் போட்டால் புதுச் செருப்பும் வந்த ஆர்டர்களும் காணாமல் போகும். பேமென்ட் ப்ளகினை மட்டும் பழையதாக மாற்றிப் பார்த்தாள். கடை பிழைச் செய்தியோடு வெள்ளைத் தாளாக நின்றது. அவசரமாகத் திருப்பி வைத்தாள். உடனே இன்னொன்றில் கை வைக்கப் போனாள்.

"இரும்மா, ஓடற ட்ரம்முல கைய விடாத" என்றேன். டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. புது சரக்கைச் சோதிக்க வேண்டும் என்றால் ஒரு தோலை முதுகுத் தண்டு வழியாக இரண்டாகக் கீறுவோம். ஒரு பாதி பழைய முறையில், மறு பாதி புது முறையில். இரண்டும் ஒரே மாட்டின் தோல் என்பதால் வித்தியாசம் வந்தால் அது சரக்கால் வந்ததுதான். அதைப் போல, கடையை அப்படியே நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைத்துக்கொள், நகலில் ஒவ்வொரு ப்ளகினாக அணைத்துப் பார், பட்டன் எப்போது திரும்புகிறதோ அதுதான் திருடன் என்றேன். நல்ல யோசனை. என் யோசனைகளில் எப்போதும் குறை இருந்ததில்லை, யோக்கியதையில்தான்.

"சூப்பர் அங்கிள்! நீங்க இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூரியர் பைகளைப் பார்த்தேன்.

ஒவ்வொன்றாக அணைத்தாள். பேமென்ட், கூரியர், சைஸ் சார்ட், தள்ளுபடிக் கூப்பன். பட்டன் வரவில்லை. பட்டியலில் ஒன்றே ஒன்று மிச்சம். அதன்மேல் அம்புக்குறியை வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"அது ஜும்மாவுக்கு வச்சது அங்கிள்."

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் வியாபாரம் நடக்கக் கூடாது என்பது கடை திறக்கும்போதே பாய் வைத்த நிபந்தனை. வெளிநாட்டு ஹோட்டல்காரர்கள் அடுப்பு அணைத்த நேரத்தில் ஆர்டர் எடுக்காமல் இருக்க ஒரு ப்ளகின் வைத்திருக்கிறார்கள். அவள் அதைத் தேடி எடுத்து ஜும்மா நேரத்துக்குப் பொருத்தியிருந்தாள். அந்த நேரம் வந்தால் வாங்கும் பட்டன் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அறிவிப்பு ஏதாவது போடட்டுமா என்று கேட்டதற்குப் பாய் வேண்டாம் என்றிருக்கிறார். "தொழப் போறத ஊருக்கெல்லாம் போர்டு போட்டுச் சொல்லணுமா? கடயச் சாத்து, அவ்ளோதான்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதும்மா. அத விட்டுடு" என்றேன். நண்பரின் தொழுகை விஷயத்தில் கை வைக்க எனக்கும் மனசு வரவில்லை. இந்த மரியாதையால் இரண்டு நாள் போனது.

புதன்கிழமை மாலையே பாய் தீர்ப்பு சொல்லிவிட்டார். "போதும்மா. பெருநாள் முடிஞ்சதும் மிஷின் மேல வருது. இந்த பேஜார் நமக்கு வேணாம்." அவள் மாடிக்குப் போனாள். அட்டைப் பெட்டிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. விற்பதற்கு ஒன்றும் இல்லாதபோது என்னத்தை அடுக்குகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். அழுகிறாள் என்று புரிந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். வியாழக்கிழமை, வாசலில் பாய் தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"பாய், உங்க போன்லயும் கட இருக்குல்ல? நீங்க எதாச்சும் அமுக்கினீங்களா?"

"நானா? நான் சும்மா பாப்பேன் சார். மசூதில தோஸ்துங்களுக்குக் காட்டுவேன்."

"காட்டும்போது விரல் பட்டிருக்குமோ என்னமோ. உங்க கட்டவிரல் கொஞ்சம் ஜாஸ்தி பெருசு."

அவர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்புகூட வந்தது. மருமகள் மேலிருக்கும் கோபம் கொஞ்சம் கம்மியாகட்டும் என்றுதான் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுக்க உண்மை இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் மசூதிக்குப் போய்விட்டார். மாடி அறையில் நானும் மருமகளும். அறை வாசலில் மாமியார் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். மருமகள் அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சோதித்து ஓய்ந்து, மென்பொருளே கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்திருந்தாள். கம்ப்யூட்டரை மூடப் போனாள். அப்போது அவளுடைய போன் 'டிங்' என்றது.

"ஆர்டர் அங்கிள்."

"பழசா இருக்கும்."

"இல்ல, புதுசு. ஆலங்காயத்துலேர்ந்து. கருப்புச் செருப்பு, ஒம்போதாம் நம்பர்."

இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். கடையைத் திறந்தாள். எல்லாச் செருப்புக்கும் கீழே வாங்கும் பட்டன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இன்னொரு 'டிங்'. திமிரியிலிருந்து ஒரு பெல்ட், அந்த ஓட்டை அதிகம் உள்ளது. பிறகு இன்னொன்று. மாமியார் உருதுவில் அல்லாவுக்கு நன்றி சொன்னார். தொழுகை முடியும் நேரம் வந்தது. எங்கள் கண் முன்னாலேயே பட்டன்கள் எல்லாம் ஒரேயடியாக மறைந்தன.

அவள் ஜும்மா ப்ளகினைத் திறந்து, புது அப்டேட்டின் குறிப்பைப் படித்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உல்டா அங்கிள்! உல்டாவாயிடுச்சு! முன்ன அதுல கட மூடற நேரத்தப் போடணும். புது அப்டேட்டுல தொறக்கற நேரத்தப் போடணுமாம். நம்ம போட்ட ஜும்மா நேரத்த தொறக்கற நேரம்னு எடுத்துக்கிச்சு. வாரம் பூரா சாத்திட்டு, ஊரே தொழப் போனப்ப நம்ம கட மட்டும் தொறந்திருக்கு!"

"உங்க மாமனார் நிபந்தனைய இவ்ளோ சுத்தமா யாரும் கெடுத்திருக்க மாட்டாங்க" என்றேன். பொத்திய கைக்குள்ளிருந்து அவள் சிரிப்பு வெடித்தது. மாமியார் என்ன என்று கேட்டார். அவள் உருதுவில் சொன்னதும் அவருடைய தஸ்பீஹ் கையிலிருந்து நழுவியது.

நேரங்களை அவள் மாற்றிப் போட்டாள். பட்டன் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து தொப்பியோடு பாய் படியேறி வந்தார். முகம் சரியில்லை. விஷயத்தைச் சொல்ல விடாமல் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மொதல்ல நான் சொல்றேன். தொழுகையில நிக்கறப்பதான் எனக்கு ஞாபகம் வந்திச்சு. செவ்வாக்கெழம மதியம் போன்ல கடயத் தொறந்து பாத்தேன். படுத்துக்கினு பாத்தேன், தூங்கிட்டேன். நான்தான் அமுக்கியிருக்கேன். சார் நேத்தே கேட்டாரு, நான்தான் ஒத்துக்கல." மருமகளைப் பார்த்து, "மாஃப் கர்னா பேட்டி. உன்மேல தப்பே இல்ல. ரூம் உன்னுது. மிஷின் கீழயே கெடக்கட்டும்" என்றார்.

அந்த மனிதர் தன் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேரமில் என் காயைத் தள்ளிவிட்டுக்கூடக் கேட்டதில்லை. இப்போது செய்யாத தப்புக்கு, என் முன்னால், மருமகளிடம் கேட்கிறார்.

அவர் கீழே இறங்கியதும் அவளிடம் சொல்லிவிட்டேன். சிவப்பு வட்டம், டிக், பட்டன், தூக்கம், எல்லாம். அவருடைய கட்டைவிரலைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "உங்களக் கேட்டேனே அங்கிள்" என்றாள். "அன்னிக்கே கேட்டேனே." அவ்வளவுதான். என் டேனரி ஆட்களிடம் நான் போட்ட கூச்சல் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு வரி அளவுக்கு உறைத்திருக்காது.

"இப்பவே போய் அவர்கிட்ட சொல்லிடறேன்" என்று எழுந்தேன்.

"ஐயையோ வேணாம்!" என்று வழியை மறித்தாள். "இப்பதான் ரூம் குடுத்திருக்காரு. நீங்க போய் சொன்னா, ஆளாளுக்கு அமுக்கற கட நமக்கு வேணாம்னு மறுபடி மிஷின ஏத்திடுவாரு. பெருநாள் வரைக்குமாச்சும் வாய மூடிக்கிட்டு இருங்க அங்கிள். அதான் உங்களுக்கு நல்லா வருதே."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு வேண்டியதுதான்.

பெருநாள் வந்தது, போனது. செருப்புகள் தீர்ந்தன. அறை இப்போது கேள்வியில்லாமல் அவளுடையது. பாயே இரண்டு அலமாரி அடித்துக் கொடுத்தார். ஆனால் நான் சொல்ல வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போனது. காரணம், பாய்க்குத் தன் குற்றம் பிடித்துப்போய்விட்டது. டீக்கடையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். "ஒரே அமுக்கு, கட காலி! ஜும்மா நேரத்துல தொறந்துக்குது!" கூட்டம் சிரிக்கிறது. நான் சொன்னால் அந்தக் கதை அவரிடமிருந்து போய்விடும் என்று இப்போது ஒரு புதுச் சாக்கு வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவர் மருமகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். "என்னய அந்த நிர்வாகிலேர்ந்து எடுத்துடும்மா. என் விரலுக்கு அது லாயக்கில்ல. சார்கிட்ட மட்டும் இருக்கட்டும். படிச்சவரு, பொறுப்பானவரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். அவர் எதிரில் என்னையும் சேர்த்து இறக்கினால் காரணம் சொல்ல வேண்டி வரும். அவரை மட்டும் கீழ்ப்படிக்கு இறக்கினாள். அன்றிரவே என் பதவியை நானே குறைத்துக்கொள்ளப் பார்த்தேன். அந்த மென்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை. நிர்வாகி தன்னைத் தானே இறக்கிக்கொள்ள அதில் வழி இல்லையாம். இப்போது தப்பு செய்யாதவர் கீழே இருக்கிறார், செய்தவன் உச்சியில் இருக்கிறேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பாய் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார், ஆனால் உருதுப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதை நம்பித்தான் தைரியமாக எழுதுகிறேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான். ஆம்பூர்க்காரர் யாராவது இதை டீக்கடையில் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினால் நான் தடுக்கப் போவதில்லை. அன்றைக்கு அவர் என்னை தோஸ்த் என்று கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு என்ன செய்வார் என்று தெரியவில்லை. அவருடைய படத்துக்குக் கீழே நான் எழுதிய கேரம் வரியும் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதையும் சேர்த்துப் படித்துக் காட்டிவிடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இன்று காலை ஒரு பெல்ட்டுக்கு வரி எழுத உள்ளே போனேன். மேலே சிவப்பு வட்டம் மறுபடி வந்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மருமகளுக்குப் போன் செய்து, வட்டம் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

"நீங்க எதாச்சும் மாத்தினீங்களா அங்கிள்?"

"இன்னும் இல்லம்மா. சீக்கிரம் வா."